குரோம்பேட்டையும் அடையாற்று ஆய்வகமும்: தோல் பதனிடலின் இயற்பியல் வேதியியல் வரலாறு

தாம்பரம் மாநகராட்சிக்குள் இன்று அடங்கும் குரோம்பேட்டை, ஒரு வேதித் தனிமத்தின் பெயரைத் தன் பெயரில் தாங்கிய ஊர். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பார் 1910களில் நடத்திய குரோம் லெதர் கம்பெனியே அப்பெயருக்குக் காரணம். இச்செய்தி பரவலாக அறியப்பட்டது. ஆனால் அவ்வாலையின் உருளைகளுக்குள் நிகழ்ந்த வினை யாது, அதனை விளக்க ஒரு தேசிய ஆய்வகம் ஏன் தேவைப்பட்டது என்னும் வினாக்கள் ஊர்ப்பெயர் ஆய்வின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன. குரோம் பதனிடல் சென்னையில் தொடங்கிய 1903ஆம் ஆண்டுக்கும், தோலின் மூலக்கூற்று அமைப்பு இந்நகரிலேயே ஆராயப்பட்ட 1950களுக்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்தது. அக்காலம் முழுவதும் தொழில் செய்முறையை அறிந்திருந்தது, காரணத்தை அறியவில்லை. காரண அறிவைத் தேடிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பணியையும், அவ்வறிவு எங்குப் பயன்பட்டது, எங்குப் பயனற்று நின்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கமலைத் தோலிலிருந்து குரோம் தோலுக்கு

தமிழகத்தின் மரபுவழிப் பதனிடல் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பியது. சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் நீக்கிய தோல், பட்டை ஊறிய நீரில் வாரக்கணக்கில் கிடந்து பதமாகும். இவ்வாறு அரைப்பதமாக்கிய தோல்கள் ‘ஈஸ்ட் இந்தியா’த் தோல்கள் என்ற பெயரில் இலண்டன் சந்தைக்குச் சென்றன, முழுமையாக்கும் வேலையும் அதன் ஊதியமும் அங்கேயே தங்கின.

1903இல் சென்னை அரசின் சார்பில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் குரோம் பதனிடல் சோதனைகளைத் தொடங்கினார். அவரது முதல் நோக்கம் காலணியோ ஏற்றுமதியோ அன்று. கமலை இறைப்புக்கு வேண்டிய தோல் சால். பட்டைத் தோல் நீரில் ஊறி விரைவில் அழுகும். குரோம் தோல் நெடுநாள் தாங்கும். தென்னிந்தியாவில் நவீன வேதித் தொழில் ஒன்று உழவனின் கிணற்றடியை நோக்கிப் புறப்பட்டது என்பது வரலாற்றாசிரியர்கள் போதிய அழுத்தம் தராத செய்தி. எனினும் அரசு தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர் எதிர்த்தனர். 1910இல் இந்தியச் செயலர் மார்லி பிரபு அவர்கள் பக்கம் நின்றார். அரசின் பதனிடும் ஆலை கைமாறியது. அதன் பின் குரோம் தோல் தனியாரின் தொழிலாகவே வளர்ந்தது. குரோம்பேட்டை அவ்வளர்ச்சியின் விளைவு.

இச்செய்முறையும் சென்னையில் பிறந்ததன்று. அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இருதொட்டி முறையும், மார்ட்டின் டென்னிஸ் 1893இல் பெற்ற ஒருதொட்டி முறையும் அதன் மூலங்கள். முன்னதில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் தோலுக்குள் செலுத்தப்பட்டு, அங்கேயே மூன்று இணைதிறனுக்கு ஒடுக்கப்படும். பின்னதில் மூவிணைதிற உப்பே நேரடியாகச் சேர்க்கப்படும். பிற்காலத் தொழில் பின்னதையே ஏற்றது. பொதுவெளியில் இவ்விரு நிலைகளும் ஒன்றெனவே பேசப்படுகின்றன. புற்றுநோய்க்குக் காரணியாவது ஆறு இணைதிற வடிவம். பதனிடும் உப்பு மூன்று இணைதிற வடிவம். இவ்வேறுபாட்டைக் கருதாமல் தோல் தொழிலைக் குறைகூறுவதும், அதனையே கேடயமாக்கித் தொழிலை முழுதும் காப்பதும் ஒருசேரப் பிழையாகும்.

நிறுவனமும் அதன் வினாவும்

1948 ஏப்ரல் 24 அன்று அடையாற்றில் சியாமா பிரசாத் முகர்ஜி மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார். அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வகங்களில் ஒன்றான இது, அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944இல் கிண்டியில் தோன்றிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரிக்கு அருகிலேயே அமைந்தது. வகுப்பறையும் ஆய்வகமும் இவ்வளவு நெருங்கி நின்றது நிறுவனத்தின் போக்கைத் தீர்மானித்தது. 1958இல் இயக்குநரான யெலவர்த்தி நாயுடம்மா, அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் தோல் வேதியியல் பயின்றவர். சிற்றூர்ப் பதனிடுவோரை ஆய்வகத்தோடு இணைத்தவர் என்றே பெரிதும் நினைக்கப்படுகிறார்.

அதே கிண்டி வளாகத்தில், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைமையேற்ற ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து கொலாஜன் புரதத்தின் ஊடுகதிர்ப் படங்களை ஆராய்ந்தார். கங்காருவின் வால் தசைநாண் இழைகள் அவ்வாய்வுக்கு உதவின. 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த கட்டுரை முச்சுருள் அமைப்பை முன்வைத்தது. அடுத்த ஆண்டு அது முறுக்குண்ட சுருளாகத் திருத்தம் பெற்றது. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச்சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருந்தால்தான் மூன்று இழைகளும் நெருங்கி அமைய முடியும் என்பது இதன் உயிர்நாடி. தோலின் பெரும்பகுதி இக்கொலாஜனே.

இவ்வமைப்பு அறியப்பட்டதும் குரோம் பதனிடலின் காரணம் தெளிவாகத் தொடங்கியது. இழைகளின் பக்கத்தொடர்களில் உள்ள கார்பாக்சில் தொகுதிகளோடு குரோமியம் அணைவுப் பிணைப்புக் கொள்கிறது. தொடக்கத்தில் தோலின் பி.எச். மதிப்பு 3 அளவில் வைக்கப்படும். அந்நிலையில் பெரும்பாலான கார்பாக்சில் தொகுதிகள் அயனியாகா. குரோமிய அணைவுகளும் சிறியவை. எனவே அவை எங்கும் ஒட்டாமல் தோலின் நடுவரை ஊடுருவுகின்றன. பின்னர்க் காரம் சேர்த்து மதிப்பை 4க்கு அருகில் உயர்த்தினால் தொகுதிகள் அயனியாகின்றன, அணைவுகள் ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாகின்றன, இழைகள் குறுக்கே பிணைக்கப்படுகின்றன. பதனிடாத தோல் ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸில் சுருங்கிவிடும். நன்கு பதமான குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும். பதனிடுவோர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த ‘முதலில் புளிப்பு, பிறகு சோடா’ என்னும் வரிசைக்கு இதுவே விளக்கம்.

பல்லுறுப்பிகளின் வினைவேகத்தை ஆராய்ந்த இயற்பியல் வேதியியலாளர் மு. சாந்தப்பா 1970களில் நிறுவனத்தின் இயக்குநரானதும், குரோமியக் கரைசல்களின் வேதியியலில் தேர்ந்த தி. இராமசாமி 1996 முதல் 2006 வரை அப்பொறுப்பை வகித்ததும் தற்செயல் எனத் தோன்றவில்லை. தோல் ஆய்வகம் எனப் பெயர் கொண்டிருந்தாலும், அடிப்படை ஆய்வில் அது ஓர் இயற்பியல் வேதியியல் நிறுவனமாகவும் இயங்கியது.

ஆறுகளின் வழக்கு

காரண அறிவால் தோலின் தரம் உயர்ந்தது என்பது எதிர்பார்க்கத்தக்கதே. அவ்வறிவு உண்மையாகச் சோதிக்கப்பட்ட இடம் நீதிமன்றம். வழக்கமான முறையில் சேர்க்கும் குரோமியத்தில் 60 முதல் 70 விழுக்காடே தோலில் பிணைகிறது. எஞ்சியது கழிவுநீரோடு போகிறது. ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகும். பாலாற்றுப் படுகையின் கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு அது. தண்டம் விதிக்கப்பட்ட மாவட்டங்களுள் வட ஆர்க்காட்டோடு அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் இருந்தது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. சட்ட இலக்கியத்தில் இத்தீர்ப்பு வேலூரின் வழக்காகவே படிக்கப்படுவதால், சென்னையின் தென்புறநகர் இதற்குள் வருவது கவனம் பெறவில்லை.

இந்நெருக்கடியில் நிறுவனம் முன்வைத்த குரோமிய மீட்பு முறை, பதனிடலின் தருக்கத்தையே நீட்டித்தது. பி.எச். மதிப்பை 4இல் நிறுத்தாமல் மக்னீசியம் ஆக்சைடு கொண்டு 8க்கு மேல் உயர்த்தினால் குரோமியம் ஹைட்ராக்சைடாக வீழ்படியும். அதனைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதனிடும் உப்பு. செலவு செய்து வாங்கிய உப்பு திரும்பக் கிடைப்பதால் ஆலை உரிமையாளருக்கும் இதில் ஆதாயம் இருந்தது. பின்னர் நீரின்றிக் குரோம் பதனிடும் முறையையும் நிறுவனம் உருவாக்கியது.

இவ்வெற்றியை மட்டும் எடுத்துரைப்பது பாதி வரலாறாகும். கிணறுகளைக் கெடுத்ததில் குரோமியத்தைவிடச் சாதாரண உப்பின் பங்கு பெரிது. உரித்த தோல் ஆலைக்கு வரும்வரை அழுகாதிருக்க மூட்டை மூட்டையாக உப்புத் தூவப்படுகிறது. முதல் ஊறலிலேயே அது நீரில் கலக்கிறது. பி.எச். மதிப்பை எவ்வளவு மாற்றினாலும் சோடியம் குளோரைடு வீழ்படியாது. குரோமியத்துக்கு உதவிய வேதியியல் இங்குக் கைகொடுக்கவில்லை. எஞ்சும் வழிகள் இரண்டு: சவ்வுகளின் வழியே அழுத்தி வடிப்பது, கொதிக்க வைத்து ஆவியாக்குவது. இரண்டுமே மின்னாற்றலையும் எரிபொருளையும் விழுங்குவன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேரும் உப்புக் கட்டிகளைக் கொண்டுபோய்க் கொட்டவும் இடம் வேண்டும். குரோமியத்தை மீட்டால் ஆதாயம். உப்பைப் பிரித்தால் செலவு மட்டுமே. சிறு ஆலைகள் முன்னதை ஏற்றுப் பின்னதில் தயங்குவதற்கு அறியாமை காரணமன்று.