மூக்கறு போரும் நெற்றி மடலும்

நாலு பேர் முன்னால் முகத்தில் அடித்தாற்போல் பதில் வாங்கி வந்தவனை, "மூக்கறுபட்டு வந்திருக்கான்" என்பார்கள். திருமலை நாயக்கரின் ஊரான மதுரையில் இதைக் கேட்டால், மூக்கறு போரில் பிறந்த வழக்கோ என்று தோன்றும். எனக்கு அதில் சம்மதமில்லை. கம்பர் அந்தப் போருக்குப் பல நூற்றாண்டு மூத்தவர்; சூர்ப்பணகை மூக்கறுபட்ட அவமானம் அப்போதே ஊரறிந்த கதை.

மூக்கறு போர் நடந்தது 1650களின் பிற்பகுதியில். கந்தீரவ நரசராஜரின் மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியே இறங்கியது. அகப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு அறுத்து மூட்டை கட்டி அனுப்பினார்கள். நோயில் கிடந்த நாயக்கருக்கு ராமநாதபுரத்து ரகுநாத சேதுபதி படையோடு வந்து கைகொடுத்தார். பிறகு மதுரைப் படை மைசூருக்குள் புகுந்து அதையே திருப்பிச் செய்தது. தமிழில் மூக்கு, கன்னடத்தில் மூகு, நாயக்கர் வீட்டுத் தெலுங்கில் முக்கு. அறுத்தவருக்கும் அறுபட்டவருக்கும் வேர்ச்சொல் ஒன்றுதான். 1659இல் இதைக் கடிதத்தில் எழுதிவைத்த சேசு சபைப் பாதிரியார் ப்ரோயென்சாதான், 1679இல் அச்சேறிய தமிழ்–போர்த்துகீசிய அகராதியையும் தொகுத்தவர்.

அறுபட்டவனை 'மூக்கறையன்' என்று கூசாமல் அழைத்த தமிழில், மூக்கை ஒட்டவைக்கும் வித்தைக்கு அப்படி வாயில் புழங்கும் பேர் இல்லை. பேர் சீமையிலிருந்து வந்தது. 1792 மைசூர்ப் போரில் திப்புவிடம் பிடிபட்டு மூக்கிழந்தவர் கவாஸ்ஜி; ஆங்கிலப் படையின் மாட்டு வண்டிக்காரர். புனே அருகே அவருக்கு நடந்த சிகிச்சையை 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' படத்தோடு வெளியிட்டது. வைத்தியர் மெழுகில் மூக்குக்கு அளவெடுத்தார். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிக் கோடிழுத்தார். தோலை உரிக்கும்போது புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பை மட்டும் விட்டுவைத்தார். ரத்தம் அதன் வழியே ஓடும். தோலைத் திருப்பி இறக்கி, காசுக்கட்டி (வெற்றிலையோடு மெல்கிறோமே, அதேதான்) குழைத்து ஒட்டினார். 25ஆம் நாள் வாக்கில் காம்பை அறுத்தார்கள். 1814இல் அறுவை மருத்துவர் கார்ப்யூ லண்டனில் இதைச் செய்துகாட்ட, 'இந்திய முறை' என்ற பேர் நிலைத்துவிட்டது.

இப்படிக் காம்போடு பெயர்க்கும் தோலை இன்று தமிழில் மடல் என்று எழுதுகிறோம். காது மடல், தாழை மடல் எல்லாமே அடியில் பற்றிக்கொண்டிருப்பவை, பொருத்தமான பேர்தான். மண்டை, முக எலும்புகளைச் சீராக்கக் காதிலிருந்து காதுவரை உச்சி வழியாகக் கீறும்போதும் இதே கணக்கு. மயிர்க்கால் சாயும் பக்கமே கத்தியையும் சாய்ப்பார்கள், வேர் அறாது. தழும்பும் முடிக்குள் மறையும். உச்சந்தோலை மடலாக முன்னே மடிப்பார்கள். எலும்பை ஒட்டிய சவ்வையும் ரத்த ஓட்டம் கெடாமல் தனி மடலாக எடுத்துவைத்தால், மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள ஓட்டையை அடைக்க உதவும். அந்தக் கீறலுக்குக் கொரோனல் என்று பேர்; லத்தீனில் கொரோனா என்றால் மகுடம்.