தோடர் மந்தில் பெண் கேட்ட வழக்கம்

நீலகிரித் தோடர் பழங்குடியினரின் மந்துகள் (குடியிருப்புகள்) சிலவற்றில் கனத்த உருண்டைக் கல் கிடக்கும். அதைத் தோளுக்கு ஏற்றியவனுக்கே பெண் என்று ஊட்டிக்கு வருவோரிடம் சொல்வதுண்டு. 1906இல் ‘தி தோடாஸ்’ நூலை வெளியிட்ட டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் கல் தூக்குவதை ஒரு விளையாட்டாகவே பதிவு செய்தார்.

விளையாட்டு என்பதே பொருத்தம். இரண்டு, மூன்று வயதிலேயே மணம் பேசி முடிந்த சமூகத்தில், பிடித்தவளிடம் துணிந்து கேட்கும் கட்டம் பலருக்கு வாய்க்கவில்லை. வளர்ந்தபின் இன்னொருவன் மனைவியை விரும்பினால், எருமைகளை ஈடாகக் கொடுத்துக் கேட்க முடிந்தது.

உறவை உறுதியாக்கியது வில் சடங்கு. கர்ப்பத்தின் ஏழாம் மாத வாக்கில், அடிமரத்தில் குடைந்த சிறு மாடத்தில் விளக்கேற்றுவார்கள். குச்சியை வளைத்துச் செய்த வில்லையும் புல்லம்பையும் கணவன் மனைவியிடம் கொடுப்பான். கொடுத்தவனே குழந்தையின் தந்தையாகக் கருதப்படுவான். தோடர்களிடம் இச்சடங்கு இன்றும் நடக்கிறது.