ஆட்டக் கையும் கொழுந்துக் கையும்

ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கைத்தொலைபேசி உதிரிப்பொருள் விற்கும் கடைகளிலே அண்மைக் காலத்தில் கம்பியில்லாக் கொன்ட்ரோலர்களும் இடம்பிடித்துள்ளன. காணொளி ஆட்டங்களை இயக்குவதற்காக இரு கைகளாலும் பற்றிக்கொள்ளும் கருவி அது. ஆட்டப்பொறிகளைச் செய்யும் சோனி, மைக்ரோசொஃப்ற், நின்டெண்டோ ஆகிய நிறுவனங்களின் சொந்தக் கருவிகள் விலை மிகுந்தவை. ஆகவே கடையில் நாம் காண்பவை பெரும்பாலும் பிற உற்பத்தியாளர் செய்தவையே. தோட்டத்திலிருந்து வந்து அவற்றைப் புரட்டிப் பார்க்கும் இளைஞன் இரண்டு வினாக்களை எழுப்புகின்றான்: கைக்கு இதமாக இருக்குமா? அழுத்தியவுடன் வேலை செய்யுமா? அவனுடைய தாயார் நாள் முழுவதும் கையாளும் கருவியைப் பற்றி இவ்விரு வினாக்களும் ஒருசேர எழுப்பப்பட்டது உண்டா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆட்டக் கருவியின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1977இல் அமெரிக்காவில் வெளிவந்த அட்டாரிப் பொறியோடு ஒரு நெம்புகோற் கருவி வழங்கப்பட்டது. சிறிது நேரத்திலேயே மணிக்கட்டை நோகச் செய்வது என அது பெயரெடுத்தது. பொது விளையாட்டுக் கூடங்களின் இயந்திரங்களுக்கு உறுப்புகள் விற்றுவந்த விக்கோ என்னும் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் அதே பொறிக்குப் பொருந்தும் உறுதியான நெம்புகோல்களைச் செய்து சந்தைக்கு விட்டது. பிற உற்பத்தியாளர் என்ற இனம் ஆட்ட உலகில் இவ்வாறே காலூன்றியது. 1983இல் அட்டாரி நிறுவனமே வானொலி அலையால் இயங்கும் கம்பியில்லா நெம்புகோல்களை வெளியிட்டது. கம்பி போயிற்றெனினும் கருவி பருத்துவிட்டது. பின்னர் வந்த சில கருவிகள் அகச்சிவப்புக் கதிரை நம்பின. கருவிக்கும் பொறிக்கும் இடையே ஒருவர் குறுக்கே நடந்தாற் போதும், ஆட்டம் நின்றுவிடும். 2002இல் நின்டெண்டோ வெளியிட்ட வேவ்பேர்ட் கருவியே கம்பியின்மையை நம்பத்தக்கதாக்கியது எனலாம்.

கையின் அளவு பற்றிய கதை இன்னும் சுவையானது. 2001இல் எக்ஸ்பொக்ஸ் பொறியோடு வந்த கருவி பலருடைய கைக்கு அடங்காத பருமன் உடையதாயிருந்தது. யப்பானியச் சந்தைக்கெனச் சிறியதொரு வடிவம் தனியே செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே அச்சிறிய வடிவம் அமெரிக்காவிலும் பழையதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வாங்கியவர் முணுமுணுத்தனர், உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனம் தன் அச்சை மாற்றிற்று.

பிற உற்பத்தியாளரின் மலிவுப் பொருள்களுக்கு நெடுங்காலம் நற்பெயர் இருந்ததில்லை. வீட்டில் விருந்தினனுக்கும் தம்பிக்கும் கொடுக்கும் கருவி அது என்பர். அந்நிலையும் மாறிற்று. விரலால் அசைக்கும் சிறுகோல் தேய்ந்து, தொடாமலே தானாக நகரும் கோளாறு 2017இல் வந்த நின்டெண்டோ சுவிட்ச் கருவிகளிலே பரவலாக முறையிடப்பட்டு, 2019இல் அமெரிக்க நீதிமன்றம் வரை சென்றது. உராயும் பகுதியற்ற காந்தப்புல உணரியை இட்டால் இத்தேய்வு இல்லை. 1879இல் எட்வின் ஹோல் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இயங்கும் அவ்வுணரியை 1998ஆம் ஆண்டிலேயே சேகா நிறுவனம் தன் ட்ரீம்காஸ்ற் கருவியிற் பயன்படுத்தியிருந்தது. மறக்கப்பட்டிருந்த அதனை 2020களின் தொடக்கத்தில் மீட்டெடுத்துப் பரப்பியவை கூலிகிட், எயிட்பிட்டூ போன்ற சீனப் பிற உற்பத்தியாளரே. இன்று இக்கருவிகளை ஒப்பிடுவோர் அழுத்தத்துக்கும் அசைவுக்கும் இடைப்பட்ட தாமதத்தை ஆயிரத்திலொரு செக்கன் அளவில் அளக்கின்றனர். அதே மூச்சில் எடையையும், பிடியின் வளைவையும், இரண்டு மணிநேர ஆட்டத்தின் பின் பெருவிரல் நோகின்றதா என்பதையும் எழுதுகின்றனர். இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது? பிடிப்பவனே பணம் கொடுப்பவன். பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவான்.

இனி மலையகத்துக்கு வருவோம். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டது முதல், கொழுந்து பறிக்கும் கருவி கையே. ஈரிலையும் ஒரு மொட்டுமாகப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே முறித்தெடுக்கும் வேலை அது. கவ்வாத்து வெட்டும் ஆணுக்குக் கத்தி உண்டு. முள்ளுக் குத்துபவனுக்கு முள்ளு உண்டு. தோட்டத்தின் வருவாய்க்கு ஆதாரமான வேலையைச் செய்த பெண்ணுக்கோ வெறுங்கையும், தலையிற் கயிறு மாட்டி முதுகிலே தொங்கவிட்ட கூடையும், இடுப்பைச் சுற்றிய படங்குமே உடைமைகள். மூங்கிற் கூடையின் இடத்தைப் பின்னர் பல தோட்டங்களில் சாக்கும் பையும் பிடித்தன. இம்மாற்றம் பற்றிய பேச்சில் முதன்மை பெற்றது கொழுந்தின் நலமே. காற்றோட்டமின்றி அமுக்கப்பட்டால் கொழுந்து சூடேறிக் கன்றிவிடும். தேநீரின் தரம் கெடும். கயிறு அழுத்தும் உச்சந்தலையும் பாரம் இழுக்கும் கழுத்தும் அத்துணை அக்கறையைப் பெற்றனவாகத் தெரியவில்லை.

செயற்றிறனோ ஒவ்வொரு நாளும் அளக்கப்பட்டது. கொழுந்து மடுவத்தில் தராசு முன்னே வரிசையாய் நிற்பதும், கூடைக்கும் ஈரத்துக்கும் எனக் கழிக்கப்படுவதும், குறித்த நிறை வராதவளுக்கு 'அரைப் பேர்' விழுவதும் தோட்டப் பிள்ளைகள் அனைவரும் அறிந்தவை. ஒரு தொழிலாளியின் செயற்றிறனை ஒன்றரை நூற்றாண்டாக இத்துணை ஒழுங்காகப் பதிந்துவந்த தொழில் வேறொன்று நம் நாட்டில் உண்டோ என்பது ஐயமே.

கத்தரி வந்தபோது ஒப்பீட்டுக்கு வாய்ப்புக் கிட்டிற்று. யப்பானில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொழுந்து கொய்யும் கத்தரி புழக்கத்துக்கு வந்தது. சோவியத் ஜோர்ஜியாவில் 1960களில் ஓட்டிச் செல்லும் கொய்பொறிகள் இயங்கின. தென்னிந்தியத் தோட்டங்களிலும் கத்தரி பரவிற்று. இலங்கையில், 1925இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகமும் இத்துறையில் உழைத்துவந்துள்ளது. பறிப்பு மட்டத்துக்குக் கீழே வளரும் இளந்தளிரை வெட்டாது காக்கும் அமைப்புடைய கத்தரிகள் இம்முயற்சிகளின் பயன். கத்தரியால் நாளொன்றுக்குக் கூடுதலான கொழுந்து கிடைக்கும். முற்றிய இலையும் காம்பும் சேர்ந்துவருவது குறை. ஒட்டுக்கன்றுகளால் ஒரே சீராய் எழுந்த மலைக்கு அது பொருந்தும். பழைய விதைத் தேயிலை நிற்கும் மேடுபள்ளமான மலையில் இடர்ப்படும். இவையெல்லாம் நன்கு ஆராயப்பட்டவை.

கை பற்றிய கணக்கு வேறு. கவ்வாத்துக்குப் பின் இடுப்பளவில் இருக்கும் செடி, சுற்று முடியும் தறுவாயில் மார்பளவுக்கு உயர்ந்துவிடுகின்றது. அவ்வுயரத்தில் கத்தரியையும் அதன் தட்டில் நிறையும் கொழுந்தையும் ஏந்தி நிற்பது தோளுக்குப் பெரும் பாரம். யப்பானிலிருந்து வந்த, இருவர் தூக்கும் இயந்திரமோ சமதளத்தில் நீண்ட வரிசையாய் நிற்கும் செடிக்கென வடிவமைக்கப்பட்டது. நமது சரிவுகளில் ஒருவர் மேலும் மற்றவர் கீழும் நிற்க நேர்கையில் பாரம் முழுவதும் கீழே நிற்பவர்மீது சாயும். கொழுந்து பறிக்கும் பெண்களின் கழுத்து, முதுகு நோவுகள் பற்றி இந்தியாவிலும் இலங்கையிலும் ஆய்வுகள் வெளிவந்திருக்கின்றன என்பது உண்மை. எனினும், எந்தக் கத்தரியை வாங்குவது எனத் தீர்மானிக்கும் மேசையை அவை எட்டுவது அரிது.

காரணத்தைத் தோட்ட உடைமையின் வரலாற்றிலே காணலாம். 1975 வரை கருவியை வாங்கியவை கம்பனிகள். காணிச் சீர்திருத்தத்தின் பின் அரச நிறுவனங்கள் வாங்கின. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் வாங்குகின்றன. மூன்று காலத்திலும் வாங்கியவர் வேறு, பிடித்தவர் வேறு. 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் பெற்றுத்தந்தது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாயிற்று. சம்பளத்துக்காகத் தொழிற்சங்கங்கள் நடத்திய போராட்டங்களுள் கருவியின் பிடிக்காக நடந்தது ஒன்றேனும் உண்டா? அவற்றைக் குறைகூறுவதற்கன்று, வயிறு முந்திக்கொள்ளும்போது மணிக்கட்டு பிந்தத்தான் செய்யும்.

விளையாட்டையும் உழைப்பையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்துமா எனச் சிலர் வினவலாம். ஆட்டத்தில் நோவு வந்தால் கருவியைக் கீழே வைத்துவிடலாம். மலையில் நிரை முடியும்வரை வைக்க இயலாது. ஆதலின் இதம் பற்றிய வினா ஆட்டக்காரனைவிடக் கொழுந்துக்காரிக்கே கூடுதலாக உரியது என்பது என் கருத்து.

இதற்கெனப் பெரியதோர் ஆய்வுகூடம் தேவையில்லை. இருவகைக் கத்தரிகளை, கவ்வாத்து முடிந்து முதலாண்டு ஆன மலையிலும் செடி உயர்ந்த கடைசி ஆண்டு மலையிலும், ஒரே பெண்களிடம் ஒவ்வொரு கிழமை மாற்றிக் கொடுக்கலாம். அந்தக் கிழமைகளில் பேர்க் கணக்குக் குறையாதெனவும் உறுதியளிக்க வேண்டும். அன்றேல் வரும் விடை அச்சத்தின் விடையாகவே இருக்கும். மாலையில் நிறுவை முடிந்ததும், நாளைக்கு எதை எடுத்துச் செல்ல விருப்பம் எனக் கேட்டு, கணக்கப்பிள்ளை கிலோவை எழுதும் அதே ஏட்டில் பக்கத்து நிரலாக அதனையும் பதியலாகாதா?