ஊவாவில் யார் ஊரார்?

குடியுரிமை என்றதும் சட்டப் புத்தகத்தைத் தேடுவது எங்கள் தலைமுறை வரலாற்று மாணவரின் பழக்கம். ஐரோப்பிய நகரங்களில் இருந்த குடியுரிமை ஆசியாவில் உருவாகவில்லை என்ற மக்ஸ் வேபரின் கருத்து நெடுங்காலம் கோலோச்சியது. தமார் ஹெர்சொக் 2003இல் எழுதிய நூல் என் கேள்வியையே மாற்றியது. பழைய ஸ்பானிய ஊர்களில் குடியிருந்து, வரி கொடுத்து, ஊர்ச் சுமையைத் தாங்கி, அயலவரால் ஏற்கப்பட்டவரே ஊரார், பத்திரம் பிறகுதான். 2018இல் மார்ட்டன் பிராக் இவ்விவாதத்தை ஆசியா வரை கொண்டுவந்தார்.

இக்கேள்வியோடு ஊவாவைப் பார்க்கிறேன். கண்டி இராச்சியத்தில் நம்மவர் பொதிமாடு ஓட்டினர். கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலையேறின; பாக்கு கீழே இறங்கியது. மடிகே எனப்பட்ட அந்தப் போக்குவரத்துப் பிரிவில் செய்யும் அரச ஊழியமே ஒருவரின் இடத்தைத் தீர்மானித்தது. அதை இன்றைய உரிமையாக அலங்கரிக்க நான் தயாரில்லை, ஊழியம் ஊழியம்தான்.

1815இன் கண்டி ஒப்பந்தம், வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் அனுமதியின்றித் திரும்பக்கூடாது என்றது. தீவை அண்டை நிலத்திலிருந்து அறுத்தெடுத்த பிரித்தானியர் வேலையை சுஜித் சிவசுந்தரம் 2013இல் விரிவாகக் காட்டினார். வெல்லஸ்ஸவின் மடிகேக்கு ஆங்கிலேயர் ஹாஜி மரைக்காரைத் தலைவராக்கினர். மில்லேவ திசாவையின் அதிகாரம் குறைந்தது. 1817இல் கலகம் மூண்டபோது ஹாஜியும், பதுளை அதிகாரி டக்ளஸ் வில்சனும் கொல்லப்பட்டனர். ஹாஜியைத் துரோகி என்றோ தியாகி என்றோ எழுதுவது சுலபம். எனக்கோ, ஊரோடு கட்டப்பட்டிருந்த ஒரு கூட்டம் இனமாகத் தனித்து எண்ணப்படத் தொடங்கிய இடம் அது.

அந்த எண்ணிக்கையின் முழு விலையைக் கொடுத்தவர்கள் தோட்ட மக்கள். ஹப்புத்தளை, பசறை, நமுனுகுல லயங்களில் தலைமுறையாக உழைத்தவர்களிடம் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் இத்தீவில் பிறந்ததற்கு, அல்லது தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்குச் சான்று கேட்டது. ஹெர்சொக்கின் ஸ்பானிய ஊரில் அவர்கள் என்றோ ஊராராகியிருப்பார்கள். 1949இன் அடுத்த சட்டம் விவாகமானவருக்கு 7, மற்றவருக்கு 10 வருட இடையறாத வதிவைக் கோரியது. அதன் பெயரே இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம்! தோட்டத்துப் பட்டணங்களில் கடை வைத்திருந்த இந்தியச் சோனகரும் அந்த வாசலில்தான் நின்றார்கள். 'இலங்கைச் சோனகர்' என்ற தனிப்பெயரில் ஆறுதல் கண்ட நாம் அவர்களைப் பற்றி எவ்வளவு எழுதினோம்?

தோட்டத் தொழிலாளரின் நாடற்ற நிலை குறித்து வள்ளி கணபதிப்பிள்ளையின் நூல் 2009இல் வந்தது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இங்கும் எனப் பங்கிட்டது. 2003இன் சட்டமோ, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரையும் அவர்களின் சந்ததியையும் ஏற்றது. பூட்டன் பிறந்த ஊரை அது கேட்கவில்லை.