ஆக்சிசனேற்றிய ஆல்ஜினேட்டு

ஆக்சிசனேற்றிய ஆல்ஜினேட்டு என்பது பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து பெறப்படும் ஆல்ஜினேட்டு என்னும் சர்க்கரைப் பலபடியை வேதிமுறையில் மாற்றிப் பெறப்படும் உயிர்ப்பொருள் ஆகும். புண்களை மூடவும், சிதைந்த திசுக்கள் மீண்டும் வளர்வதற்கான சாரமாகவும் இது ஆராயப்படுகிறது.

மூலப்பொருள்

ஆல்ஜினேட்டை 1881 இல் பிரித்தானிய வேதியியலாளர் ஸ்டான்ஃபோர்டு முதலில் பிரித்தெடுத்தார். தமிழகத்தில் மன்னார் வளைகுடா, பாக்கு நீரிணைக் கரைகளில் சேகரிக்கப்படும் கட்டைக்கோரை (சர்காசம்), பக்கோடாப் பாசி (டர்பினேரியா) ஆகியவை இதன் மூலங்கள். மன்னுரோனிக் அமிலம், குலுரோனிக் அமிலம் ஆகிய இரண்டும் இதன் சங்கிலியின் அலகுகள்.

மாற்றத்தின் தேவை

கால்சியம் அயனிகளுடன் சேரும்போது ஆல்ஜினேட்டு கூழாக உறைகிறது. கால்சியம் ஆல்ஜினேட்டுப் புண்கட்டுகள் மருத்துவத்தில் பயன்பாட்டில் உள்ளன. ஆயினும், உடலுக்குள் வைக்க இரண்டு தடைகள் உண்டு. ஆல்ஜினேட்டைச் சிதைக்கும் நொதி மனித உடலில் இல்லை. மேலும், உயிரணுக்கள் அதன் மீது எளிதில் ஒட்டுவதில்லை.

வேதிவினை

சோடியம் பெர்அயோடேட்டு, சர்க்கரை வளையத்தின் 2, 3 ஆம் கார்பன்களுக்கு இடையிலான பிணைப்பை உடைக்கிறது. அங்கே இரண்டு ஆல்டிகைடு தொகுதிகள் உருவாகின்றன. வளையம் திறந்த இடங்களில் சங்கிலி நீரில் மெல்லச் சிதையக்கூடியதாகிறது. ஆல்டிகைடுகள் செலட்டினில் உள்ள அமினோ தொகுதிகளுடன் இணைந்து குறுக்குப்பிணைப்புகளை ஏற்படுத்துகின்றன. சிறிதளவு வெங்காரம் சேர்த்தால் கலவை விரைவில் உறைகிறது. எனவே வேறு குறுக்குப்பிணைப்பு வேதிப்பொருள் தேவையில்லை. கொல்லாசனிலிருந்து பெறப்படும் செலட்டின், உயிரணுக்கள் ஒட்டுவதற்கும் இடம் தருகிறது.

இந்திய ஆய்வு

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பாலகிருஷ்ணன், ஜெயகிருஷ்ணன் ஆகியோர் இக்கலவையை ஆராய்ந்து, 2005 இல் முடிவுகளை வெளியிட்டனர். நீர்மமாகச் செலுத்தி உடலிலேயே உறையச் செய்யும் சாரமாக இது முன்வைக்கப்பட்டது. கல்லீரல் உயிரணுக்கள் இக்கூழினுள் பொதிக்கப்பட்டன. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், இது எலிகளின் புண்களில் புண்கட்டாகச் சோதிக்கப்பட்டது. புண்ணின் வடிவத்துக்கேற்பப் படிந்து உறைவதும், ஈரத்தைக் காப்பதும் இதன் நன்மைகள்.

வரம்புகள்

பெர்அயோடேட்டு வளையத்தைத் திறப்பதோடு சங்கிலியையும் துண்டாக்குவதால், மூலக்கூற்று எடை குறைகிறது. ஆக்சிசனேற்ற அளவு மிகுந்தால் ஆல்ஜினேட்டு கால்சியத்துடன் உறையும் திறனை இழக்கும். பிணையாது எஞ்சும் ஆல்டிகைடுகள் உயிரணுக்களுக்கு நச்சாகலாம். அளவு குறைந்தால் கூழ் உறுதியாக உறையாது, சிதைவும் தாமதமாகும். திசு வளரும் வேகத்துக்கு ஏற்பச் சாரம் கரைய வேண்டும் என்பதால், ஆக்சிசனேற்ற அளவைத் தேர்வதே இப்பொருளின் வடிவமைப்பில் முதன்மையான முடிவாகும்.