இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம்

எழுத்துத் துறைக்குள் புதிதாக அடியெடுத்து வைப்போர் பலரிடமும் ஒரு தயக்கத்தைக் காண்கிறோம். எழுதத் தக்க பெரிய பொருள் கிட்டட்டும், மனம் ஒருமைப்படட்டும், அதன்பின் எழுதலாம் என்று காத்திருக்கிறார்கள். காத்திருப்பிலேயே ஆண்டுகள் கழிகின்றன. இத்தகையோருக்கு அறிவுரையைக் காட்டிலும் ஒரு வரலாறு பயன்படும் என்று கருதுகிறோம். அது புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் வரலாறு.

1709-இல் பிறந்த பிள்ளை, பிரெஞ்சுக் குழுமத்தோடு தொழில் செய்த வணிகர். பின்னாளில் ஆளுநர் துய்ப்ளேக்கு நெருக்கமான தலைமைத் துபாஷ். தம்மை எழுத்தாளர் என்று அவர் எண்ணிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆயினும் 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியவர், 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரை அதைக் கைவிடவில்லை. லண்டனில் சாமுவேல் பெப்பீஸ் எழுதிய புகழ்பெற்ற நாட்குறிப்பு 1660 முதல் 1669 வரை, பத்தாண்டுக்கும் சற்றுக் குறைந்த காலத்தது. பிள்ளையினுடையதோ இருபத்தைந்து ஆண்டு உழைப்பு.

என்ன எழுதினார்? துறைமுகத்தில் வந்து நின்ற கப்பல், சரக்கின் விலை, ஆளுநர் சொன்ன சொல், அதற்குத் தாம் அளித்த மறுமொழி, ஊரில் உலவிய வதந்தி, திருமணம், தண்டனை. ஆண்டும் மாதமும் தேதியும் இட்டு, அன்றன்று கண்டதையும் கேட்டதையும் எழுதினார். நடையும் அலங்கார நடையன்று. பாரசீகமும் போர்த்துகீசியமும் பிரெஞ்சும் கலந்து அன்றைய கடைவீதியில் புழங்கிய தமிழ். இலக்கணப் பிழை நேருமோ என்று அவர் கை நின்றிருந்தால், அந்தத் தமிழ் நம்மை வந்தடைந்திராது.

தொடக்க எழுத்தாளர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதி ஒன்றிலேயே ஏறத்தாழ 10 ஆண்டுக் குறிப்புகள் அடங்கிவிடுகின்றன. இரண்டாம் தொகுதியோ 1746 ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான சில மாதங்களை மட்டுமே கொண்டது. ஆரம்பத்தில் குறிப்புகள் மெலிந்தும் இடைவெளி விட்டும் நடந்தன என்பதே இதன் பொருள். 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றிய பெருநிகழ்ச்சி வந்தபோது, எழுதப் பழகிய கை ஆயத்தமாக இருந்தது. பத்தாண்டுச் சிறு குறிப்புகள் இல்லையேல் அந்தப் பெருங்குறிப்புகளும் இல்லை. பெரிய பொருளுக்காகக் காத்திருந்தவர் அது வரும்போது திகைப்பார், பழகியவர் எழுதுவார்.

1748-இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட துயரத்தையும் அவர் எழுதினார். 1756-இல் பதவி போயிற்று, உடல் நலிந்தது, எழுத்து நிற்கவில்லை. ஆங்கிலேயரிடம் புதுச்சேரி வீழ்ந்த அதே நாள்களில்தான் அவர் வாழ்வும் முடிந்தது.

அவர் மறைந்தபின் குறிப்பேடுகள் பல்லாண்டு கேட்பாரற்றுக் கிடந்தன. 1846-இல்தான் கல்வா மோம்ப்ரோன் என்பவர் அவற்றைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். ஆக, வாசகர் எவரும் இன்றியே இருபத்தைந்து ஆண்டு எழுதியிருக்கிறார் பிள்ளை. ஆனால் பழக்கம் அவரோடு அழியவில்லை. அவர் தம்பி மகன் ரங்கப்பத் திருவேங்கடம் பிள்ளையும், பின்னர் இரண்டாம் வீரா நாயக்கரும் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதினர். நம் காலத்தில் பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய நாவல்களைப் படைக்க அந்த ஏடுகளே ஊற்றாயின. பின்னது 1995-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது.

அரசாவணங்களில் வென்றவர் குரல் கேட்கும். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைத் தமிழன் ஒருவன் கண்ணால், தமிழிலேயே நாம் இன்று காண முடிகிறதென்றால், அது ஒருவர் ஏட்டைத் திறந்ததன் பயன் அன்றோ?

ஆகவே, எழுத விழையும் இளைய நண்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. இன்று கண்டதை இன்றே எழுதுங்கள். ஐந்து வரி போதும். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள்; பிள்ளையின் ஏட்டிலும் இடைவெளிகள் உண்டு. அவற்றையும் தாண்டித்தான் அது இருபத்தைந்து ஆண்டு நீண்டது.