ஊசி போட்ட மறுநாள் மாடு செத்தால் யாரிடம் கேட்பது?

பனிச்சங்கேணியில் எனக்குத் தூரத்து உறவுமுறையான அக்கா ஒருவர் இருக்கிறார். 2006, 2007 காலத்தில் வாகரைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்தபோது பட்டியில் நின்ற மாடுகள் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு வந்தவர். திரும்பிப் போனபோது ஒன்றுகூட இல்லை. மீள்குடியேறிய பிறகு கிடைத்த ஒரு நாகு, அதன் கன்று, அந்தக் கன்றின் கன்று என்று வளர்ந்ததுதான் கடைசியாகக் கறந்துகொண்டிருந்த பசு. போன தடவை நான் போனபோது அந்தப் பசு இல்லை.

"காய்ச்சல் எண்டு ஊசி போட்டுட்டுப் போனாரு. விடியக் காலம்பற பார்த்தா மாடு விழுந்து கிடக்கு. மறுகா நான் ஆரிட்டப் போய்க் கேட்கிற?" என்றார்.

அவரிடம் நான் திருப்பிக் கேட்ட எதற்கும் பதில் இருக்கவில்லை. ஊசி போட்டவர் வைத்தியரா? தெரியாது. என்ன மருந்து? தெரியாது. பற்றுச்சீட்டு? தரவில்லை. மாட்டை அன்றைக்கே புதைத்துவிட்டார்கள். அவருடைய கேள்விக்குச் சட்டத்தில் என்ன பதில் இருக்கிறது என்று தேடியதில் கிடைத்ததை இங்கே தொகுத்திருக்கிறேன். மாடு, ஆடு மட்டுமல்ல, வீட்டு நாய்க்கும் பூனைக்கும் இது பொருந்தும்.

முதல் 24 மணித்தியாலம்

வழக்கு நீதிமன்றத்தில் தோற்பதற்கு முன்பே பட்டியடியில் தோற்றுவிடுகிறது. ஆகவே துக்கத்தோடு துக்கமாகச் சில வேலைகளைச் செய்துவிடுங்கள்.

உடலை உடனே புதைக்க வேண்டாம். அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்து, இறந்த உடலைப் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை தருமாறு கேளுங்கள். நம் வெயிலில் உடல் சில மணித்தியாலங்களிலேயே கெடத் தொடங்கும் என்பதால் விடிந்ததும் அழைக்க வேண்டும். தேவைப்பட்டால் மாதிரிகளைப் பேராதனை கன்னொறுவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பலாம். சிகிச்சை அளித்தவரே பரிசோதனையையும் செய்வதாக இருந்தால், வேறொரு வைத்தியரைக் கோருங்கள்.

மருந்துக் குப்பி, ஊசி, மருந்துச் சீட்டு எதையும் எறியாதீர்கள். குப்பியிலுள்ள பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி ஆகியவற்றைக் கைபேசியில் படம் எடுங்கள். காதில் அடையாள இலக்கம் இருந்தால் அதையும் எடுங்கள். எத்தனை மணிக்கு வந்தார், என்ன சொன்னார், எத்தனை மணிக்கு மாடு விழுந்தது என்பதை அன்றைக்கே எழுதி, பார்த்த அயலவர் இருவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

ஊசி போட்டது யார்?

1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம்தான் இலங்கையில் கால்நடை வைத்தியத் தொழிலை ஒழுங்குபடுத்துகிறது. அதன் கீழ் அமைந்த இலங்கை கால்நடை வைத்திய சபையில் பதிவு செய்தவரே வைத்தியராகத் தொழில் செய்யலாம். கிராமத்துக்கு வரும் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தரோ, சினைப்படுத்த வருபவரோ, மருந்துக் கடைக்காரரோ கால்நடை வைத்தியர் அல்ல. நாம் எல்லோரையும் 'மாட்டு டாக்குத்தர்' என்று கூப்பிடுகிறோம். சட்டம் அப்படிக் கூப்பிடுவதில்லை.

வந்தவர் பதிவு செய்த வைத்தியராக இருந்தால், அந்தச் சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். தொழில் ஒழுக்கத்தை மீறியதாகக் கண்டால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. ஆனால் அது நட்டஈடு வாங்கித் தரும் இடமல்ல. பதிவு இல்லாதவர் வைத்தியம் பார்த்திருந்தால் அதுவே ஒரு குற்றம். அதைப் பொலிஸுக்கும் சபைக்கும் அறிவிக்கலாம்.

மருந்தின் மேல் சந்தேகம் இருந்தால் அது வேறு வழி. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் கால்நடை மருந்துகளும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. பேராதனையிலுள்ள கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்துக்குக் குப்பியின் விபரங்களோடு எழுதுங்கள்.

அரச வைத்தியர் என்றால்

நம் பக்கத்தில் பெரும்பாலும் அரச அலுவலகத்தைத்தான் நம்பியிருக்கிறோம். முதலில் கிழக்கு மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் பணிப்பாளருக்கு முறைப்பாட்டை அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைப் பதிவைத் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். அன்றைய களப் பதிவு, கொடுத்த மருந்தின் பெயர், தொகுதி இலக்கம் ஆகியவற்றைக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

அரச அலுவலகங்களுடன் தமிழில் எழுதித் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பு தருகிறது. பேராதனைக்கு எழுதுவதானாலும் தமிழிலேயே எழுதலாம். சிங்களத்தில் எழுத ஆள் தேடி நாட்களைக் கடத்த வேண்டாம்.

நட்டஈடு கேட்டு வழக்கு

இது எமது ரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் வரும் கவனயீன வழக்கு. மூன்று விடயங்களை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஒன்று, உங்கள் விலங்கைக் கவனமாகப் பார்க்கும் கடமை அவருக்கு இருந்தது. இரண்டு, சாதாரண திறமையுள்ள ஒரு கால்நடை வைத்தியர் செய்யாததை அவர் செய்தார், அல்லது செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டார். மூன்று, இறப்புக்கு அதுதான் காரணம்.

மூன்றாவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கு மனித வைத்தியம் பற்றியது. நோயைச் சரியாகக் கண்டறியத் தவறியதால் தன் பிள்ளை இறந்ததாகத் தந்தை தொடுத்த அந்த வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் தொகையைப் பெருமளவு குறைத்தது. உயர் நீதிமன்றம் தந்தைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிள்ளைக்கு மூளைத்தண்டில் கட்டி இருந்தது. வைத்தியரின் தவறால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை. மனித உயிருக்கே இதுதான் அளவுகோல் என்றால், மாட்டுக்கும் நாய்க்கும் இதைவிட இலகுவாக இருக்காது. 2022 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் குளிர்காற்றில் ஏராளமான மாடுகள் செத்தன. அந்த வாரத்தில் ஊசி போட்ட மாடு செத்திருந்தால், காரணம் ஊசியா குளிரா என்பதை உடற்பரிசோதனை இல்லாமல் யார் சொல்ல முடியும்?

சட்டத்தின் பார்வையில் விலங்கு ஓர் அசையும் சொத்து. ஆகவே அதன் சந்தை விலை, சிகிச்சைச் செலவு, கணக்கு இருந்தால் இழந்த பால் வருமானம் ஆகியவற்றைக் கேட்கலாம். பாற்சேகரிப்பு நிலையத்தின் பால் அட்டை இங்கே பெரிய சாட்சி. மன வேதனைக்கு விலை கிடைக்காது. பத்து வருடம் வாசலில் படுத்த நாய்க்குச் சந்தை விலை என்ன என்று நீதிமன்றம் கேட்டால் சொல்ல நம்மிடம் பதில் இல்லை. இது சட்டத்தின் குறை. ஆனால் இன்றைய நிலை அதுதான்.

கால எல்லைகளை மறக்காதீர்கள். கவனயீனத்துக்கான வழக்கை இரண்டு வருடங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அரச உத்தியோகத்தருக்கு எதிராக என்றால், அதற்கு ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். தனியார் ஒருவருடனான, சட்டம் குறிப்பிடும் தொகைக்கு உட்பட்ட பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே தீராவிட்டால் தரும் சான்றிதழோடுதான் நீதிமன்றத்துக்குப் போகலாம். நம் பக்கத்துப் பெரும்பாலான பிணக்குகளுக்கு மத்தியஸ்த சபையே போதும் என்பது என் அபிப்பிராயம். செலவு இல்லை, நேருக்கு நேர் கேட்கலாம்.

காசு கொடுத்துப் பெற்ற தனியார் சேவை என்றால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் முறையிடலாம். அதற்குரிய காலம் மூன்று மாதம் மட்டுமே. காலாவதியான மருந்தை விற்றது, பற்றுச்சீட்டுத் தராதது போன்ற முறைப்பாடுகள் அங்கே வலுவாக நிற்கும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம்.

எது உதவாது?

பொலிஸில் 'கொலை' என்று முறைப்பாடு எழுத முடியாது. கவனயீனத்தால் மரணம் விளைவிக்கும் குற்றம் மனிதருக்கு மட்டுமே உரியது. 1907ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டம் கொடுமைக்கு எதிரானது, வைத்தியத் தவறுக்கு அல்ல. முகநூலில் பெயரும் படமும் போட்டுத் திட்டினால் மனம் ஆறலாம், ஆனால் அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செத்த விலங்கெல்லாம் தவறான வைத்தியத்தால் செத்ததல்ல. பெரிய பிரதேசமொன்றை ஒரு சில வைத்தியர்கள் பார்க்கும் இடத்தில், கூப்பிட்டும் பிந்தி வருவது வேறு, வந்து பிழையாகச் செய்வது வேறு. முறைப்பாட்டில் இரண்டையும் கலக்காமல் எழுதினால்தான் பதில் கிடைக்கும்.

அக்காவுடைய பசு விடயத்தில் வழக்குக்கு இடமில்லை. புதைத்த உடல் மண்ணோடு போய்விட்டது. ஆனால் ஊசி போட்டவர் யார், என்ன மருந்து என்று கேட்டுத் தகவல் அறியும் விண்ணப்பம் ஒன்றை இருவரும் குந்தில் இருந்து எழுதினோம். "காசு வேணாம் தம்பி. ஏன் செத்த எண்டு ஒரு கடுதாசியில எழுதித் தந்தாச் சரி" என்றார். பசுவின் கன்று இன்னும் கட்டையில் நிற்கிறது. அடுத்த தடவை ஊசி போட யாராவது வந்தால் பெயரையும் குப்பியையும் படம் எடுக்க, அவருடைய மகளின் கைபேசியில் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.